எஸ்ஸனிலிருந்து கொழும்பு வரை: பட்டியலுக்குத் தப்பிய ஒரு குழந்தை

1983 ஜூலைக் கலவரத்தைப் பற்றித் தமிழில் நாம் நிறையவே படித்திருக்கிறோம். எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் தமிழர்கள், சிலர் சிங்களர்கள். இந்த இரண்டு பக்கத்தையும் சேராத ஒருவரும் அதைப் பற்றி எழுதினார். அவர் ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண்மணி. அப்போது அவருக்கு 57 வயது. முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கொழும்பில் குடியிருந்தவர், இலங்கைக் குடியுரிமை பெற்றவர், ஆங்கிலத்தில் எழுதிய கவிஞர். பெயர் ஆன் ரணசிங்க.

அவர் எழுதிய அந்தக் கவிதைக்குத் தலைப்பே 'ஜூலை 1983' தான். அதில் தன் பதின்மூன்று வயதில் பார்த்த ஜெர்மனியையும் ஐம்பத்தேழு வயதில் கண்ட இலங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். நமக்குத் தெரிந்த ஒரு நெருப்பை அவர் வேறொரு நெருப்பின் வெளிச்சத்தில் பார்க்கிறார்.

யூத இனப்படுகொலையில் பிழைத்த குழந்தைகள் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது பரண், நிலவறை, ரகசியக் கதவு. ஆனி ஃபிராங்க் நாட்குறிப்பு அப்படி ஒரு படத்தை மனதில் பதித்துவிட்டது (ஆனி பிழைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும்). ஆனால் இந்தக் குழந்தைகளின் கதைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனால் இன்னொன்று தெரிகிறது. சுவருக்குப் பின்னால் ஒளிந்த குழந்தைகளும் உண்டு, பெயருக்குப் பின்னால் ஒளிந்த குழந்தைகளும் உண்டு. எல்லாருக்குமே முதல் வேலை ஒன்றுதான்: ஒரு பட்டியலிலிருந்து காணாமல் போவது. ஆன் ரணசிங்கவின் கதையை அந்தப் பட்டியலின் வழியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

எஸ்ஸன் நகரத்துச் சிறுமி

அவருடைய பிறந்த பெயர் அன்னலீஸ் காட்ஸ். 1925 அக்டோபர் 2 அன்று ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் பிறந்தார். எஸ்ஸன் என்றால் க்ருப் என்ற எஃகு, பீரங்கிக் கம்பெனியின் ஊர். அங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். 1913-ல் திறக்கப்பட்ட அவர்களுடைய ஜெபாலயம் ஜெர்மனியின் பெரிய ஜெபாலயங்களில் ஒன்று. இன்றும் அந்தக் கட்டடம் நிற்கிறது.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அன்னலீஸுக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாமே முதலில் காகிதத்தில் வந்தன. யார் யூதர், யார் பாதி யூதர் என்று தாத்தா பாட்டிகளை எண்ணிப் பார்க்கும் சட்டம் 1935-ல் வந்தது. 1938 ஆகஸ்டில் இன்னொரு ஆணை: யூதர் என்று பெயரைப் பார்த்தாலே தெரியாத ஆண்கள் எல்லாரும் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் எல்லாரும் 'சாரா' என்றும் கூடுதல் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். 1939 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. 1938 அக்டோபரில் யூதர்களின் பாஸ்போர்ட்டில் சிவப்பு மையில் 'ஜே' என்ற எழுத்து குத்தப்பட்டது.

யோசிச்சுப் பாருங்க. அன்னலீஸ் என்பது எந்த ஜெர்மன் வீட்டிலும் இருக்கக்கூடிய பெயர். அந்தப் பெயரை வைத்து இவள் யூதப் பெண் என்று ஒரு குமாஸ்தாவால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பெயருக்கு நடுவில் ஒரு அடையாளத்தைச் செருகினார்கள். எங்கள் தொழிலில் சொல்வதென்றால், தேடுவதற்கு வசதியாக ஒரு ஃபீல்டைச் சேர்த்தார்கள். இதற்கு முன்பே, 1933 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே துளையிட்ட அட்டைகளும் அவற்றை எண்ணும் ஹோலரித் இயந்திரங்களும் பயன்பட்டன. அவற்றைக் கொடுத்தது ஐபிஎம்மின் ஜெர்மன் துணை நிறுவனமான டேஹோமாக். நாங்கள் இன்று செய்யும் வேலைக்குப் பாட்டன் முறை அது.

1938 நவம்பர் 9 இரவு தொடங்கி மறுநாள் வரை ஜெர்மனி முழுக்க யூதர்களின் ஜெபாலயங்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. உடைந்த கண்ணாடிகளை வைத்து அதைப் 'படிக இரவு' என்று சொல்வார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜெபாலயங்கள் எரிக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் கைது செய்யப்பட்டு டாஹவ், புக்கன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எஸ்ஸனின் பெரிய ஜெபாலயமும் உள்ளே முழுக்க எரிந்தது. பல ஊர்களில் தீயணைப்பு வண்டிகள் வந்தன, ஆனால் பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அவர்களுக்கு இடப்பட்டிருந்த உத்தரவு. அன்னலீஸுக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த நெருப்பு அவருடைய எழுத்தில் கடைசிவரை வந்துகொண்டே இருந்தது. ஒரே வாரத்தில் இன்னொரு ஆணை: யூதப் பிள்ளைகள் இனி ஜெர்மன் பள்ளிகளில் படிக்கக்கூடாது.

கதவு திறந்திருந்த ஒன்பது மாதங்கள்

அந்த இரவுக்குப் பிறகு பிரிட்டன் ஒரு கதவைக் கொஞ்சமாகத் திறந்தது. பதினேழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் வரலாம், பெற்றோர் வர முடியாது. ஒவ்வொரு குழந்தைக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும், பிறகு 50 பவுண்டு பிணைத்தொகையும் கட்ட வேண்டியிருந்தது. முதல் குழு 1938 டிசம்பர் 2 அன்று ஹாரிச் துறைமுகத்தில் இறங்கியது. 1939 செப்டம்பரில் போர் வெடித்ததும் ஜெர்மனிக் கதவு மூடிவிட்டது. அந்த ஒன்பது மாதத்தில் சுமார் 10,000 குழந்தைகள் தப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை.

அன்னலீஸின் பெற்றோரும் வெளியேற முயன்றார்கள், முடியவில்லை. மகளை மட்டும் 1939 ஜனவரியில் இங்கிலாந்தில் இருந்த உறவினரிடம் அனுப்பி வைத்தார்கள். 'சாரா' சட்டம் அமலுக்கு வந்த அதே மாதம்.

1941 அக்டோபரில் ஜெர்மனியின் மேற்கு நகரங்களிலிருந்து யூதர்களை ரயிலில் ஏற்றிப் போலந்தில் இருந்த லோட்ஸ் கெட்டோவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அன்னலீஸின் அப்பா அம்மா பெயரும் பட்டியலில் இருந்தது. லோட்ஸில் பட்டினியும் குளிருமாகக் கிட்டத்தட்ட மூன்று வருஷம். 1944-ல் அந்தக் கெட்டோவைக் காலிசெய்யும் வேலை தொடங்கியபோது ஒரு பகுதி மக்களை ஹெல்ம்னோ என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். லாரிகளின் புகையை உள்ளேயே திருப்பிவிட்டுக் கொல்லும் கொலைக்களம் அது. அவருடைய பெற்றோர் அங்கேதான் கொல்லப்பட்டார்கள். மகளுக்கு அது போர் முடிந்த பிறகுதான் தெரியவந்தது.

அன்னலீஸ் லண்டனில் நர்ஸ் வேலைக்குப் பயிற்சி பெற்றார். 1949-ல் டி. ஏ. ரணசிங்க என்ற இலங்கை மருத்துவரை மணந்தார். பிறகு கொழும்புக்கு வந்து, கணவரின் முதல் தாரத்துப் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளையுமாக ஏழு பேரை வளர்த்தார்.

போக முடியாத குழந்தைகள்

அன்னலீஸுக்கு வெளிநாட்டில் உறவினர் இருந்தார், போர் தொடங்கும் முன்பே கிளம்பவும் முடிந்தது. அப்படி வாய்க்காத குழந்தைகள் எத்தனை பேர்? ஐரோப்பாவில் கொல்லப்பட்ட யூதக் குழந்தைகள் சுமார் 15 லட்சம். போருக்கு முன் இருந்த யூதக் குழந்தைகளில் பிழைத்தவர்கள் 6 முதல் 11 சதவீதம்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். கதவு மூடிய பிறகு பிழைத்த குழந்தைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒளிந்து பிழைத்தவர்கள்.

ஒளிவது என்றால் நடைமுறையில் என்ன? நெதர்லாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே போருக்கு முன்பே மக்கள்தொகைப் பதிவேடு ரொம்ப ஒழுங்காக இருந்தது. ஆளுக்கு ஒரு அட்டை. அதில் முகவரி, பிறந்த தேதியோடு மதமும் இருக்கும். யாரையும் கொல்வதற்காக எழுதிய விவரம் இல்லை அது, சாதாரண அரசாங்க வழக்கம். 1940-ல் ஜெர்மன் படை உள்ளே வந்தது. 1941 ஜனவரியில் யூதர்கள் எல்லாரும் தாங்களாகவே வந்து பதிந்துகொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. கிட்டத்தட்ட எல்லாரும் வந்து பதிந்தார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தே பழகியவர்கள். அந்த வருஷம் மே மாதத்திலேயே ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஒரு வரைபடத்தைத் தயாரித்துக் கொடுத்தது. ஒரு புள்ளி வைத்தால் அந்த இடத்தில் பத்து யூதர்கள் என்று அர்த்தம்.

நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,02,000 பேர் கொல்லப்பட்டார்கள், அதாவது நாலில் மூன்று பேர். பக்கத்து பிரான்ஸில் நாலில் ஒருவர். இந்த வித்தியாசத்துக்குப் பல காரணங்கள் உண்டு. நாட்டின் நில அமைப்பு, நேரடி நாஜி நிர்வாகம், இருக்கும் நாட்களின் எண்ணிக்கை எல்லாம் சேரும். அவற்றில் அந்தக் கச்சிதமான பதிவேடும் ஒன்று.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு நாடக அரங்கம் இருந்தது. பிடித்து வந்த யூதர்களை முகாமுக்கு அனுப்பும்வரை அங்கேதான் அடைத்து வைப்பார்கள். சின்னக் குழந்தைகள் அழுதால் தொந்தரவு என்று அவர்களை மட்டும் எதிர்ச்சாரியில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் வைத்தார்கள். அங்கிருந்து சுமார் 600 குழந்தைகள் வெளியே கடத்தப்பட்டார்கள். துணிக்கூடையில், முதுகுப்பையில், கோணிப்பையில். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் டிராம் ஓடும். அது வந்து நிற்கும் அந்தச் சில நொடிகள் எதிர்ப்பக்கக் காவலாளிக்குக் காப்பக வாசல் தெரியாது. அந்த நேரம் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார்கள். பக்கத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தோட்டம் வழியாகவும் சில குழந்தைகள் போனார்கள். கல்லூரித் தலைவர் யோஹான் ஃபான் ஹுல்ஸ்ட் அதற்கு உடந்தை.

ஆனால் இதெல்லாம் பாதி வேலைதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாலும் அதன் பெயர் அட்டையில் இருக்கும். நாளைக்கு எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும், காப்பகத்தில் மிச்சம் இருப்பவர்களுக்கு ஆபத்து. அதனால் முதலில் அட்டையை எடுக்க வேண்டும். அதைச் செய்தவர் அரங்கத்துக்குப் பொறுப்பாக இருந்த வால்டர் சூஸ்கிண்ட். அவரும் யூதர்தான். காவலர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே, பதிவிலிருந்து பெயர்களை அழித்துக்கொண்டிருந்தார். பெற்றோரிடம் சம்மதம் கேட்ட பிறகுதான் குழந்தையை எடுப்பார்கள். சில பெற்றோர் கொடுக்க மறுத்தார்கள். கொடுத்த அம்மாக்களில் சிலர் பொம்மையைத் துணியில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு ரயில் ஏறினார்கள், எண்ணிக்கை சரியாக வரவேண்டுமே. காப்பகத் தலைவி ஹென்ரியேட் பிமென்டல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். சூஸ்கிண்டும் போர் முடியும்வரை பிழைத்திருக்கவில்லை.

1943 மார்ச் 27 அன்று ஒரு எதிர்ப்புக் குழு போலீஸ் சீருடையில் போய் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டுக் கட்டடத்துக்கே வெடி வைத்தது. ஓவியர்கள், எழுத்தாளர்கள் சேர்ந்த குழு அது. அனுதாபம் இருந்த தீயணைப்பு வீரர்கள் அவசரப்படாமல் வந்து, தேவைக்கு அதிகமாகவே தண்ணீரைப் பாய்ச்சி அட்டைகளை ஊறவைத்தார்கள். அப்படியும் பெரும்பகுதி அட்டைகள் தப்பிவிட்டன. பன்னிரண்டு பேர் அந்த ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு கவிஞரும் ஒரு சிற்பியும் வெடிகுண்டோடு போன இடம் ராணுவ முகாம் இல்லை, ஒரு ஆவண அறை. எது ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

புதுப் பெயர், புது ஜெபம்

பட்டியலிலிருந்து மறைந்த குழந்தைக்கு இன்னொரு பட்டியலில் இடம் வேண்டும். ரேஷன் அட்டை வேண்டும், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் வேண்டும்.

வரலாற்றாசிரியர் சால் ஃபிரீட்லாண்டரின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1932-ல் பிராக் நகரத்தில் பாவெல் என்ற பெயரோடு பிறந்தார். குடும்பம் பிரான்சுக்குத் தப்பியதும் பாவெல், பால் ஆனார். 1942-ல் பெற்றோர் அவரை மோன்லுசோன் ஊரில் ஒரு கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்து பால்-ஹென்றி ஃபெர்லாண் என்று பெயரை மாற்றினார்கள். பையனை விட்டுவிட்டுப் பெற்றோர் சுவிட்சர்லாந்து எல்லையைத் தாண்ட முயன்றார்கள். அந்தச் சமயத்தில் சுவிஸ் காவலர்கள் சின்னக் குழந்தைகளோடு வந்தவர்களை உள்ளே விட்டார்கள், மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். குழந்தையாவது பிழைக்கட்டும் என்று பாதுகாப்பாக விட்டுவிட்டு வந்தார்கள் இல்லையா, அதனாலேயே இவர்கள் கையில் குழந்தை இல்லை. திருப்பி அனுப்பப்பட்டு ஆஷ்விட்ஸுக்குப் போனார்கள்.

பையன் விடுதியில் ஜெபம் கற்றான், பக்தியான கத்தோலிக்கன் ஆனான், போருக்குப் பிறகு ஏசு சபைப் பாதிரியார் ஆகவே ஆசைப்பட்டான். கடைசியில் ஆஷ்விட்ஸைப் பற்றி அவனை உட்காரவைத்துச் சொன்னவரும் ஒரு ஏசு சபைப் பாதிரியார்தான். அந்தப் பேச்சுக்குப் பிறகு தன் பழைய குடும்பப் பெயருக்கே திரும்பினான். பின்னாளில் யூத இனப்படுகொலையைப் பற்றி அவர் எழுதிய பெரிய வரலாற்று நூலுக்கு 2008-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

எல்லாருக்கும் அப்படி ஒரு பாதிரியார் வாய்க்கவில்லை. கிரெனோபிள் நகரில் ஃபினலி என்ற டாக்டர் தம்பதியின் இரண்டு ஆண் குழந்தைகளை நகராட்சிக் காப்பகத் தலைவி ஒருவர் மறைத்துக் காப்பாற்றினார். பெற்றோர் ஆஷ்விட்ஸிலிருந்து திரும்பவில்லை. போர் முடிந்து உறவினர்கள் கேட்டபோது அந்த அம்மையார் பிள்ளைகளைத் தர மறுத்தார். 1948-ல் ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 1953-ல் பையன்களை எல்லை தாண்டி ஸ்பெயினுக்கே கடத்திக் கொண்டுபோனார்கள். கடைசியில் அந்த ஆண்டு கோடையில்தான் அவர்கள் உறவினர்களிடம் வந்து சேர்ந்தார்கள். உயிரைக் காப்பாற்றியவர் பெயரைத் திருப்பித் தர மறுத்த கதை இது. யோசித்தால் அந்த அம்மையார்மேல் முழுக்கக் கோபப்படவும் முடியவில்லை, முழுக்க ஏற்கவும் முடியவில்லை.

இந்தச் சிக்கலை முன்கூட்டியே புரிந்துகொண்டவர் வார்சா நகரத்துச் சமூகப் பணியாளர் இரேனா செண்ட்லர். டைஃபஸ் காய்ச்சல் பரவாமல் பார்க்கும் சாக்கில் கெட்டோவுக்குள் போய்வர அனுமதி வைத்திருந்தார். அவரும் அவரோடு சேர்ந்த பெண்களும் குழந்தைகளை வெளியே கொண்டுவந்து கன்னிமடங்களிலும் போலிஷ் குடும்பங்களிலும் சேர்த்தார்கள். மொத்தம் சுமார் 2,500 குழந்தைகள் என்று சொல்லப்படுகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் புதுப் பெயர் கொடுத்து, கத்தோலிக்க ஜெபங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்க வேண்டும். கறுப்பு முடிக்குச் சாயம் பூசினார்கள். இத்தீஷ் மொழியில் அம்மாவைக் கூப்பிடக்கூடாது என்று பழக்கினார்கள்.

இவ்வளவு செய்தவர், ஒவ்வொரு குழந்தையின் உண்மைப் பெயரையும் புதுப் பெயரையும் இருக்கும் இடத்தையும் மெல்லிய தாளில் எழுதி வைத்துக்கொண்டார். எவ்வளவு ஆபத்தான காரியம்! அந்தத் தாள் கிடைத்தால் அத்தனை குழந்தைகளும் போய்விடும். அதைக் கண்ணாடி ஜாடியில் போட்டு ஒரு தோழியின் தோட்டத்தில் ஆப்பிள் மரத்தடியில் புதைத்தார்கள். 1943 அக்டோபரில் கெஸ்டபோ அவரைப் பிடித்துக் கால் எலும்பு முறியும் அளவுக்குச் சித்திரவதை செய்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. போருக்குப் பிறகு அந்தப் பட்டியலை எடுத்து யூத அமைப்பிடம் கொடுத்தார். குழந்தைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் அப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் தான் யாருடைய பிள்ளை என்பது அந்தக் குழந்தைகளுக்குத் திரும்பக் கிடைத்தது.

பட்டியல் என்றாலே கெட்டது என்று சொல்லிவிட்டுப் போக முடியாது என்பதற்காகத்தான் செண்ட்லரை இவ்வளவு விரிவாகச் சொன்னேன். ஒளிந்த குழந்தைக்கு இரண்டு பட்டியல் தேவைப்பட்டது. ஒன்றில் அதன் பெயர் இருக்கக்கூடாது, இன்னொன்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பொட்டை அழித்த வாரம்

இப்போது கொழும்புக்கு வருவோம். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் மாலை கொழும்பு பொரளைப் பக்கம் கலவரம் தொடங்கி, 25 திங்கட்கிழமை நகரம் முழுக்கப் பரவியது. தமிழர் வீடுகளைத் தேடிவந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்பது பலரும் பதிவு செய்த உண்மை. சிங்களர் வீட்டை விட்டுவிட்டு அடுத்த தமிழர் வீட்டைச் சரியாகக் கொளுத்த முடிந்தது அதனால்தான். இறந்தவர்கள் சில நூறு பேர் என்றது அரசு, 3,000 வரை என்கிறார்கள் தமிழர் தரப்பில். வெலிக்கடைச் சிறையில் மட்டும் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். கொழும்பில் பல்லாயிரக்கணக்கானோர் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் முகாமிட்டார்கள்.

அந்த வாரம் தமிழ்ப் பெண்கள் நெற்றிப் பொட்டை அழித்தார்கள். சேலைக் கட்டை மாற்றினார்கள். வழியில் நிறுத்திச் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள், உச்சரிப்புத் தவறினால் ஆள் அகப்பட்டார். வார்சாவில் குழந்தைகள் ஜெபத்தை மனப்பாடம் செய்தார்கள் என்று படிக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது இதுதான். அதே வாரம் சிங்களக் குடும்பங்கள் பல தங்கள் வீட்டு உள்ளறைகளில் பக்கத்து வீட்டுத் தமிழர்களை ஒளித்து வைத்திருந்தன. கும்பல் வந்து கேட்டபோது வாசலில் நின்று 'இங்கே யாரும் இல்லை' என்று பொய் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இரண்டும் ஒன்றா? இல்லை. அறுபது லட்சம் பேரை ரயில் அட்டவணை போட்டு, தொழிற்சாலை கட்டிக் கொன்றது ஐரோப்பாவில் நடந்தது. அதன் அளவையும் நோக்கத்தையும் எதோடும் சமன் செய்ய வேண்டியதில்லை. ஆன் ரணசிங்கவை உலுக்கியது எண்ணிக்கை இல்லை என்று நினைக்கிறேன். பக்கத்து வீடு எரியும்போது மற்றவர்கள் நின்று பார்க்கிறார்களே, அந்தக் காட்சிதான். பதின்மூன்று வயதில் அது மற்ற ஜெர்மானியர்களைப் பற்றிய கேள்வி. ஐம்பத்தேழில் அதே கேள்வி அவர் தேர்ந்தெடுத்துக் குடியேறிய ஊரைப் பற்றியது, அவரோடு பழகிய மனிதர்களைப் பற்றியது, தன்னைப் பற்றியும்தான்.

அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வந்தது 1971-ல். ஜெர்மனியை விட்டு 32 வருஷம் கழித்து. இது அவருக்கு மட்டும் நேர்ந்த தாமதம் இல்லை. ஒளிந்து பிழைத்த குழந்தைகளும் நீண்ட காலம் பேசவில்லை. முகாமிலிருந்து திரும்பிய பெரியவர்கள், 'நீ சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும், நீதான் பத்திரமாக இருந்தாயே' என்ற தொனியிலேயே அவர்களைப் பார்த்தார்கள். அவர்களுடைய முதல் சர்வதேச ஒன்றுகூடல் நியூயார்க்கில் நடந்தது 1991 மே மாதம்தான். சுமார் 1,600 பேர் வந்தார்கள். பலரும் அப்போது ஐம்பது வயதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள்.

ஆன் ரணசிங்க கொழும்பில் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பில் வேலை செய்தார். 2016 டிசம்பரில் 91-வது வயதில் கொழும்பிலேயே காலமானார்.

நம் ஊர்க் கணக்கு

மதுரைக்காரர்களுக்கு 1983 தூரத்து விஷயம் இல்லை. ஆரப்பாளையத்திலிருந்து வைகையைத் தாண்டிப் போனால் ஆனையூர். திருமங்கலம் போகிற பக்கம் உச்சப்பட்டி, மேலூர்ப் பக்கம் திருவாதவூர். மூன்று இடத்திலும் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. 2021-ல் தமிழக அரசு அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அங்கே பிறந்து வளர்ந்து கல்லூரி முடித்த பிள்ளைகள் பலர் இன்னும் எந்த நாட்டுக் குடிமக்கள் பட்டியலிலும் இல்லை. கொல்ல வந்தவன் கையில் இருந்த பட்டியலிலிருந்து தாத்தா பாட்டி தப்பினார்கள், பேரப்பிள்ளைகள் வாழ்வதற்கான பட்டியலில் இடம் கேட்டுக் காத்திருக்கிறார்கள். செண்ட்லரின் ஜாடி எனக்கு இங்கேயும் ஞாபகம் வருகிறது.

வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடிய கதை அடுத்த ஆண்டே, 1984 நவம்பரில், டெல்லியில் சீக்கியர்களுக்கும் நடந்தது. ருவாண்டாவில் 1994-ல் அடையாள அட்டையில் இனத்தைக் குறிக்கும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைக் கொண்டுவந்தவர்கள் 1930-களில் ஆண்ட பெல்ஜியர்கள். போட்டவர்கள் வேறு காரணத்துக்குப் போட்டார்கள், அறுபது வருஷம் கழித்து எடுத்தவர்கள் வேறு காரணத்துக்கு எடுத்தார்கள். நெதர்லாந்தின் மத விவரமும் அப்படித்தான்.

என்னை மாதிரி ஆட்கள் தினமும் செய்கிற வேலை இது. ஒரு படிவம் வடிவமைக்கும்போது 'இதையும் கேட்டு வெச்சுக்குவோம், பின்னாடி உதவும்' என்று யாராவது சொல்வார்கள். ஒரு ஃபீல்டு கூடும். யாருக்கு உதவும், என்றைக்கு உதவும் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. இடஒதுக்கீட்டுக்கும் நலத்திட்டத்துக்கும் சில விவரங்கள் தேவைதான், எழுதாமல் விட்டால் ஏழைக்குத்தான் நஷ்டம். ஆகவே எதையுமே எழுதக்கூடாது என்று வாதம் பண்ண நான் வரவில்லை. எழுதிய விவரத்தை யார் பார்க்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம், எப்போது அழிக்கலாம் என்பதை எழுதும்போதே தீர்மானிக்கணும். வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும்போது அதை யோசிக்க நேரம் இருக்காது.

எப்படித் தீர்மானித்தாலும் ஒரு கட்டத்தில் அட்டை ஒரு மனிதர் கையில்தான் இருக்கும். வால்டர் சூஸ்கிண்ட் கையில் இருந்த மாதிரி. எஸ்ஸனில் 'சாரா' என்று எழுதிய குமாஸ்தாவின் கையிலும் ஒரு அட்டைதான் இருந்தது.